புரட்டாசி பிஸ்கட்டும் மொட்டைமாடிக் கொட்டகையும்

நாய்களுக்குத் தின்பண்டம் செய்து விற்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தின்கிறவர் வாயைத் திறந்து குறை சொல்ல மாட்டார். ஒரு சங்கடமும் உண்டு: வாங்கிக் கொடுக்கிறவர் அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

வீட்டிலிருந்தபடியே இட்லி மாவு, ஊறுகாய், கேக், ரவிக்கை தையல் என்று ஏதோ ஒன்றை நடத்திக்கொண்டு, "உனக்கென்ன, வீட்லதானே இருக்க" என்ற பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களே, இது உங்களுக்காக எழுதியது. நீங்கள் பட்டதில் பாதியையாவது நானும் பட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. எந்தக் காலத்திலோ குஜராத் பக்கமிருந்து தறியோடு வந்து மதுரையில் தங்கிவிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டுக்குள் சொந்த மொழி, வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ், வியாபாரம் சுங்குடிச் சேலை. கவிச்சி மட்டும் கிடையாது. முட்டைகூட எங்கள் வாசற்படி ஏறியதில்லை. நான் முட்டையில்லாத கேக் போட்டு விற்றுக்கொண்டிருந்தவள். எதிர்வீட்டு டீச்சரின் லாப்ரடாருக்குக் கடைப் பிஸ்கட் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. நீ ஏதாவது செய்து கொடேன் என்று டீச்சர் கேட்டார். செய்து கொடுத்தேன், அது திரும்பியும் பார்க்கவில்லை. ஈரல் சேர்த்துப் பாரேன் என்றார். அங்கே பிடித்தது சனி.

எங்கள் வீட்டில் எதற்கும் பெரியவரிடம் கேட்க வேண்டும். பெரியவர் என்றால் என் கணவரின் அண்ணன். கடையும் வீடும் அவர் சொல்படி நடக்கின்றன. ஒரு வாரம் யோசித்துவிட்டு மொட்டைமாடித் தகரக் கொட்டகையை எனக்குக் கொடுத்தார், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, மேலே போன பொருள் கீழே இறங்கக் கூடாது. அடுப்பு, குக்கர், மிக்ஸி, கரண்டி எல்லாம் தனி. நானும் மாடிக் குழாயில் குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் படி இறங்க வேண்டும். கீழே சமையலறையில் இருப்பது மனிதர் சாப்பிடுவது, மேலே இருப்பது நாய்க்கு. இதில் குழப்பமே வரக் கூடாது என்றார். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டமானது. அவர் கடைவீதி வியாபாரி. போனில் வரும் ஆர்டரையெல்லாம் அவர் வியாபாரமாகவே மதிப்பதில்லை. எங்கள் மொழியில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்: "வாடிக்கைன்னா ஆளு தானா நடந்து வரணும், வந்து இன்னொரு தடவ குடுன்னு கேக்கணும். தீபாவளிக்குள்ள அப்படி ஒருத்தர என் கண்ணுல காட்டு. இல்லேன்னா கொட்டகையில சேலைக் கட்ட ஏத்திருவேன்."

எலும்பு வரையத் தெரியாதவள்

நாய் பிஸ்கட் என்றால் எலும்பு வடிவத்தில் இருக்க வேண்டுமாம். இன்டர்நெட்டில் பார்த்த எல்லாப் பிஸ்கட்டும் அப்படித்தான் இருந்தது. சிம்மக்கல்லில் கேழ்வரகு மாவும் நிலக்கடலையும் வாங்கப் போனபோது, பக்கத்துச் சந்தில் தகர வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் அச்சு செய்யச் சொன்னேன். படம் வரைந்து காட்டுங்க என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து எலும்பை நேருக்கு நேராகப் பார்த்ததில்லை. நினைவிலிருந்த கார்ட்டூனை வைத்து ஒரு சீட்டில் எதையோ வரைந்தேன். அவர் அதை நேராகவும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

மறுவாரம் அச்சு வந்தது. இரண்டு பக்கமும் வாய் பிளந்த ஸ்பேனர். நட்டு கழற்றலாம் போல இருந்தது. தப்பு என்னுடையதுதான் என்றாலும், எலும்பு இப்படியா இருக்கும் என்று அவரிடமே கேட்டேன். சுத்தியலைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "விடுங்கக்கா, நாய் என்ன அளவெடுத்தா திங்கப் போகுது?"

முகம் பார்த்து வாங்கிய ஈரல்

கோரிப்பாளையத்தில் காதர் பாயின் கறிக்கடை. எதிர்வீட்டு டீச்சர்தான் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைத்தார். முதல் நாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சிக்னலில் நிற்கும் பஸ்களைப் பார்த்தபடி, "அரைக் கிலோ ஈரல் குடுங்க" என்றேன். பாய் ஒரு துண்டை எடுத்து நீட்டி, பளபளப்பாக இருக்கிறதா பாருங்க என்றார். நான் பஸ்ஸைப் பார்த்து, இருக்கு என்றேன்.

இரண்டு மாதம் இப்படியே போனது. நல்ல ஈரல் எது, பழசு எது என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் முகம் சுளித்தால் இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பிவிடுவேன். ஒரு முறை நல்ல ஈரல் வரவில்லை என்று, நாலு கிலோமீட்டர் வந்த என்னை அவரே திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அவர் சொன்னது: "இருவது வருசமாக் கட நடத்துறேம்மா. சரக்கப் பாக்காம என் மூஞ்சியப் பாத்து வாங்குற ஒரே ஆளு நீங்கதான். ஏமாத்தணும்னு நெனச்சாலும் மூஞ்சி காட்டிக் குடுத்துரும்."

பாண்டியின் தேர்வு

இட்லி மாவுக்காரர்கள் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நான் என்ன செய்ய? எனக்காக ருசி பார்ப்பது பாண்டி. சந்து முனையில் இஸ்திரி வண்டிக்கு அடியில் குடியிருக்கும் செவலை நாய், யாருக்கும் சொந்தமில்லை. ஒவ்வொரு ஈட்டிலும் முதல் பிஸ்கட் அவனுக்குத்தான். கடித்தால் பாக்கெட் போடுவேன். மோந்துவிட்டு உட்கார்ந்தால் அந்த ஈடு முழுக்கக் குப்பைக்குப் போகும். தாட்சண்யமே பார்க்க மாட்டான். ஒரு நாள் ஈரல் கொஞ்சம் தீய்ந்திருந்தது. எனக்கு வாசனையில் தெரியவில்லை. அவன் பிஸ்கட்டைக் காலால் தள்ளி, சாக்கடை ஓரத்தில் விட்டுவிட்டு வந்தான். இஸ்திரி போடும் முருகன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம சந்துலயே படிக்காம வாத்தியாரானது இவன் ஒருத்தந்தாங்க்கா."

கண் பட்ட கேக்

அண்ணாநகரில் ஒரு அம்மா. அவர்கள் வீட்டு பப்ளு ஒரு பக் நாய். முகம் எப்போதும் யாரோ கடன் வாங்கிக்கொண்டு ஓடிவிட்ட மாதிரி இருக்கும். அதற்கு முதல் பிறந்தநாள் என்று கேக் கேட்டார்கள். கோதுமை மாவு, கேரட், காதர் பாய் தந்த ஈரல். மேலே கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கை மசித்துப் பூசி, பீட்ரூட் சாறில் பப்ளு என்று எழுதினேன். சர்க்கரை, உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது, நாய்க்கு ஆகாது. கேக்கின் படத்தை அந்த அம்மா ஸ்டேட்டஸில் வைக்க, நானே ரெண்டு தடவை போய்ப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் போன் வந்தது. பப்ளுவுக்கு வயிற்றுப்போக்கு. என்னென்ன கொடுத்தீர்கள் என்று மெல்ல விசாரித்தேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சித்தப்பா கொடுத்த பிரியாணி லெக் பீஸ், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கொடுத்த முறுக்கு, பெரியம்மா தட்டிலிருந்து கொஞ்சம் பாயசம். இவ்வளவையும் அவர்களே சொல்லி முடித்தார்கள். என் கேக் மேல் தப்பில்லை என்று அவர்களே புரிந்துகொண்டிருப்பார்கள் என நினைத்தேன். அவர்கள் கண்டுபிடித்த காரணம் வேறு: "கேக்கு நல்லாத்தான் இருந்துச்சு, நூறு பேரு ஸ்டேட்டஸப் பாத்து கண்ணு வச்சிட்டாங்க. அடுத்த வருசம் கொஞ்சம் அழகு கம்மியாப் பண்ணிக் குடுங்க."

திருமங்கலத்திலிருந்து நடந்து வந்த ஆள்

ஆவணி மாதம் ஒரு காலை. பெரியவர் முன்கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் வாசலில் வந்து நின்று, "நாய் பிஸ்கோத்து போடுற வீடு இதானா?" என்கிறார். தானாக, நடந்து, ஆள் வந்தே விட்டது. அதுவும் பெரியவர் கண்ணெதிரே. அவர் பேப்பரை மடித்து வைத்ததைப் பார்த்தேன். நாற்காலி போட்டு, மோர் கொடுத்தேன்.

வந்தவர் திருமங்கலத்துக்கு மேற்கே விவசாயம் பார்ப்பவர். ஆட்டுக் கிடைக்குக் காவலாகக் கருப்பன் என்று ஒரு நாய் வைத்திருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் மகள், அப்பா வீட்டு நாய்க்கு மாதம் இரண்டு பார்சல் என்னிடம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள். கம்பங்கூழும் மிச்சச் சோறும் தின்று வளர்ந்த கருப்பன், என் பிஸ்கட்டை ருசி கண்டதிலிருந்து கிடைப்பக்கமே போவதில்லையாம். விடிந்ததும் ரோட்டுக்கு வந்து கூரியர் வண்டிக்காகப் படுத்துக்கொள்கிறதாம். போன வாரம் ஒரு ஆட்டுக்குட்டியைக் காணோம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, மோரைக் குடித்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார். பெரியவர் மறுபடி பேப்பரைப் பிரித்தார். வந்தவர் கிளம்பும்போது என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார்: "பண்டம் அம்புட்டு நல்லா இருக்கு தாயி, அதனாலதான் நேர்ல வந்தேன். இனிமே அனுப்பிராதீக."

பெருமாளுக்கு விரதம்

பிறகு புரட்டாசி பிறந்தது. ஊரே கவிச்சியை நிறுத்திவிட்டது. காதர் பாய் கடையில் ஈ ஓட்டினார். எனக்கு வந்துகொண்டிருந்த போனும் நின்றது. கேட்டால், வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை, நாய் மட்டும் எப்படிச் சாப்பிடும் என்கிறார்கள். நாயும் அந்த வீட்டு உருப்படிதானே, நியாயம்தான். தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. பெரியவர் கடையில் புதுச் சேலைக் கட்டுகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன.

சும்மா இருக்க முடியாமல் புரட்டாசி பிஸ்கட் என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். கேழ்வரகு மாவு, வறுத்து அரைத்த நிலக்கடலை, மஞ்சள் பூசணி. சுத்த சைவம் என்பதால் மாடிக்குப் போக வேண்டியதில்லை. கீழே, வீட்டுச் சமையலறையில், வீட்டு அடுப்பிலேயே சுட்டேன். மேல் அச்சு கீழே வரக் கூடாது என்று தகர அண்ணனிடம் சொல்லி இன்னொரு ஸ்பேனரும் செய்துகொண்டேன். பாண்டி வந்தான், மோந்தான், என்னைப் பார்த்தான், வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான். முதல் தடவையாக அவன் தீர்ப்பை மதிக்காமல் பாக்கெட் போட்டேன். நான் செய்த முட்டாள்தனம் அது. பத்து வீட்டுக்கு அனுப்பியதில் எட்டு வீடு திருப்பி அனுப்பியது. வில்லாபுரத்திலிருந்து ஒருவர் போனில் சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை: "நாங்க பெருமாளுக்காக விரதம் இருக்கோம், எங்க ராக்கி உங்களாலதாங்க்கா விரதம் இருக்கான்."

காலியான டப்பா

திரும்பி வந்ததையெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி, சமையலறை அலமாரியில் காப்பித்தூளுக்குப் பக்கத்தில் வைத்தேன். தூக்கிப் போட மனமில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் டப்பா பாதிதான் இருக்கிறது. எலியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் எலி மூடியைத் திருப்பி மூடிவிட்டுப் போகாது. என் கணவரைக் கேட்டேன். நாய்க்கு என்று தெரிந்தும் நான் ஏன் தொடப் போகிறேன் என்று சிரித்தார்.

அன்று நாலு மணிக்குச் சமையலறைக்குள் போனேன். கடையிலிருந்து வந்த பெரியவர் சர்க்கரை போடாத காப்பியில் ஒரு ஸ்பேனரை முக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. சர்க்கரையே இல்லாமல் பிஸ்கட் போட்டிருக்கிறாயே, என்னை நினைத்துத்தான் செய்தாயா என்று கேட்டார். இத்தனை வருடமாக வீட்டில் எந்தப் பலகாரம் செய்தாலும் அவர் கண்ணில் படாமல் ஒளித்துத்தான் வைத்திருக்கிறோம். அவருக்கென்று ஒன்று செய்ய யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. அவர் மேலும் தப்பில்லை. கீழே இருப்பது மனிதர் சாப்பிடுவது என்பது அவரே போட்ட சட்டம். எலும்பு வடிவம் என்று கண்டுபிடிக்க அவருக்கும் எலும்பு தெரியாது, என் அச்சும் எலும்பு மாதிரி இல்லை. நான் தலையை ஆட்டிவைத்தேன். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, பெரியவர் அளவுநாடாவோடு மொட்டைமாடிக்கு வந்தார். கொட்டகையின் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் போல இருந்தது. எதையும் பேசாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவரோ நாடாவை நீட்டிப் பிடித்தபடி, டப்பா காலியாகி மூன்று நாளாயிற்று, மறுபடி போடவில்லையா என்று கேட்டார். இனியும் மறைத்தால் பாவம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது புரட்டாசிக்காக நாய்களுக்குச் செய்தது, சர்க்கரையும் உப்பும் நாய்க்கு ஆகாது என்றுதான் போடவில்லை, நாய்கள் தொடாமல் திரும்பி வந்தது, அதனால் கீழே வைத்திருந்தேன் என்று.

அவர் முகம் வெளிறியது. மேலே இருக்கும் சட்டியில் செய்ததா என்று மட்டும் கேட்டார். இல்லை, கீழே வீட்டுச் சட்டி, வீட்டு அடுப்பு, அச்சுகூடத் தனி என்றேன். நீளமாக மூச்சு விட்டார். பிறகு வியாபாரிக்கே உரிய நிதானத்தோடு கணக்கைத் தீர்த்தார்: நாய் வேண்டாம் என்று சொன்ன பண்டம் நாய்ப் பண்டம் ஆகாது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை, அவருடைய இரண்டாவது நிபந்தனையை மெல்ல எடுத்துவிட்டேன். ஒருத்தர் தானாகச் சமையலறைக்கு நடந்து வந்தார், இப்போது இன்னொரு தடவையும் கேட்டார், இதோ தீபாவளிக்கு நாலு நாளும் மிச்சம் இருக்கிறது என்றேன். பெரியவர் என்னை முறைத்தார். சிரிப்பை அடக்கத்தான் முறைக்கிறார் என்பது மீசையில் தெரிந்தது. அளவுநாடாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். மூன்றாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தார்: "சேலைக் கட்ட நான் வேற எடத்துல வச்சுக்கிறேன். அடுத்த தடவ ஒரு சிட்டிக உப்பு மட்டும் போடு, நாய்க்குத்தான ஆகாது, எனக்கு ஆகும்."

ஆக, நாய்களை நம்பித் தொழில் தொடங்கிய எனக்குக் கொட்டகையைக் காப்பாற்றிக் கொடுத்த அந்த ஒரே வாடிக்கையாளருக்கு, குறையென்று சொல்ல வால் ஒன்றுதான் இல்லை.